டிஸ்பிளே மாற்ற நாற்பது நிமிடம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
இருபத்திமூன்றாம் தூணுக்கு எதிரே என் கடை.
இடவப்பாதி மழை நின்ற பிறகும்
பாலத்தின் இணைப்பிலிருந்து ஒரு மணி நேரம் சொட்டும்.

அவன் நனைந்துதான் வந்தான்.
போனைச் சட்டைக்குள் வைத்திருந்தான்,
பூனைக்குட்டியைக் கொண்டுவருவதுபோல.
"கீழ விழுந்துட்டு அக்கா."
விழுந்த கண்ணாடி ஓரத்தில் உடையும்.
இது நடுவில் உடைந்திருந்தது. சுவரில் எறிந்தது.

பில்லுக்குப் பெயர் கேட்டேன். விஜின்.
விஜின், ஷிபின், சுஜின், அஜின்.
எங்கள் பக்கத்துப் பெயர்களில்
எந்தக் கோயில் எந்தப் பள்ளி என்று ஒன்றும் தெரியாது.
பெற்றவர்கள் தெரிந்தேதான் வைத்தார்களோ என்னவோ.

நாற்பது நிமிடம் ஆகும் என்றேன்.
ஸ்டூலில் உட்கார்ந்தான்.
போன் என் மேசையில் கிடக்க
இரண்டு தடவை பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான்.
பிறகு, நான் கேட்காமலே:
நீட் ரெண்டாவது தடவையும் போச்சு.
அம்மை விடியுமுன்னே அண்டியாபீசுக்குப் போவாள்.
அப்பா குவைத்தில். வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்.
"மார்க் எவ்வளவு" கேட்டு முடித்தபின்
இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.
ஒரே பெஞ்சில் இருந்தவனுக்கு
ஆசாரிப்பள்ளத்தில் சீட் கிடைத்துவிட்டது.
"அவனுவளுக்கு எல்லாம் கெடைக்கும் அக்கா."

திருகாணி என் விரலில் நின்றது.
ஒருவனைச் சொல்லத் தொடங்கினான்,
பன்மையில் முடித்தான்.
நடுவில் எந்த ராத்திரியில்
யார் ஒட்டிக் கொடுத்த விகுதி அது?

பேட்டரியை மாட்டியதும் போன் எழுந்தது.
பூட்டு எண்ணை அவனேதான் சொல்லியிருந்தான்.
ஒரு நொடி அமைதி. அப்புறம் கொட்டியது.
"சிங்கக்குட்டி எங்க?"
"தம்பி ரெண்டு நாளா காணலியே."
"சாப்டியாடே?"
இரண்டு நாளில்
அவனைத் தேடியது இவர்கள் மட்டும்தான்.

டச் சோதிக்க விரல் வைத்த இடத்தில்
எரியும் கடை ஒன்று திறந்துகொண்டது.
போன வாரம் எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவனின்
போனுக்கும் திரை மாற்றினேன்.
அதிலும் இதே கடை, இதே பச்சை ஷட்டர்,
"பழிவாங்குவொம்" என்று இதே எழுத்துப்பிழை.
எரித்தவர்கள் மட்டும் வேறு.
எது எந்தப் பக்கம் என்று
நீங்கள் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

கொஞ்சம் கீழே
நாம் போகக்கூடாத கடைகள் என்றொரு வரிசை.
ஏழாவது படத்தில்
தூணில் இருபத்திமூன்று.
வாசலில் நான் காயப்போட்ட தரை துடைக்கும் துணி.
பலகையில் என் அப்பா பெயரைச் சுற்றிச்
சிவப்பு வட்டம்.
அதன் அடியில், இரவு இரண்டு பதினாலுக்கு, அவன்:
"நம்ம ஊருதான் அண்ணா. எல்லாருக்கும் அனுப்புதேன்."
அவன் வரிக்குக் கீழே முப்பத்தொரு குட்டித் தீ.
பன்னிரண்டு வருடப் படிப்பில்
யாரும் அவனுக்கு முப்பத்தொரு முறை
கை தட்டியிருக்கமாட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன்.
பாலத்துச் சொட்டை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தான்.
மற்ற கடையில் ஆயிரத்து எண்ணூறு.
இங்கே ஆயிரத்து இருநூறு.
அதற்காக வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

"டச் சரியான்னு பாத்துக்கோ."
மேலிருந்து கீழே தேய்த்தான்.
ஓர் இடத்தில் விரல் நின்றது.
வெளியே தலையை நீட்டி
என் பலகையை முதன்முறையாக வாசித்தான்.
காது சிவந்தது.

ஏதாவது சொல்லியிருக்கலாம்.
எனக்கும் அப்போது கோபம்தான் வந்தது,
அதை மறைத்து எழுதினால் பொய்.
இவனுவ, என்றுதான் நாக்கு நுனியில் நின்றது.
விழுங்கினேன்.

"கேரண்டி உண்டா அக்கா?"
குரல் எங்கோ உள்ளே போயிருந்தது.
"டிஸ்பிளேக்கு மூணு மாசம்."
பில்லில் வழக்கமான முத்திரை:
உள்ளிருக்கும் தகவலுக்குக் கடை பொறுப்பல்ல.
மை காய்ந்துவிட்டது. இரண்டு தடவை அழுத்தினேன்.
பாதிதான் விழுந்தது.

பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனான்.
கருங்கல் பஸ் இரண்டு போன பிறகும்
சொட்டும் இடத்திலேயே நின்றான்,
போனைக் கையில் பிடித்தபடி,
நனையவிட்டு.
எதையோ அடித்தான். அல்லது அழித்தான்.
இங்கிருந்து பார்த்தால்
இரண்டுக்கும் விரல் ஒரேபோலத்தான் அசையும்.

அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.
சார்ஜ் ஏறவில்லையாம்.